இன்னொருக்கா சொல்லுங்க

1

போன கிழமை ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மட்டக்களப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் எழுதியிருந்தார். இப்போது அவர் ஒரு வாசிகசாலைக்குத் தலைவர். வருஷ மலர் போடப் போகிறார்களாம். கடல் கடந்து போய்ப் பேர் எடுத்தவர்கள் வரிசையில் என் கட்டுரையும் வேண்டுமாம். எனக்குக் கஷ்டம் வைக்காமல் தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: சச்சரவுகளைச் சாந்தமான பேச்சால் தீர்ப்பது எப்படி. வாய்க்கால் தண்ணீருக்கும் கோயில் முறைக்கும் ஊரில் இப்போது அடிபிடி கூடிப் போய்விட்டதாம். நான் நாலு வார்த்தை எழுதினால் இளம் பிள்ளைகள் திருந்துவார்களாம்.

இந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது என்றால், மலாயாவில் இந்த ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, சேர்ந்து போன மாதம் பத்தொன்பது வருஷம் முடிந்தது. துரை ஒரு தேநீர் விருந்து வைத்து, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார். இந்த ஆள் இருக்கும்வரை என் தோட்டத்தில் சத்தம் கேட்காது என்று பேசினார். அங்கே இருந்த நம் ஊர்க்காரர் யாரோ அதை ஊருக்கு எழுதிவிட்டார்கள்.

கடிதத்தை என் மனைவி பொன்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் நாலு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எழுதுங்க. கதிராமன்ட கதையையும் சேத்து எழுதுங்க."

பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நான் கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன். அவள் கேட்டதால் எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் நண்பர் பாடு.

2

முதலில் அவர் கேட்டதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய வித்தைதான்.

கோபத்தோடு வருகிறவனை நிற்க வைத்துப் பேசக் கூடாது, உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தவன் கையில் குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டால் அவனால் கையை நீட்டிப் பேச முடியாது. அவன் முழுக்கப் பேசி முடிக்கும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு அவன் சொன்னதையே அவனைவிட நன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் குறையை இவ்வளவு அழகாக இன்னொருவர் சொல்லக் கேட்டால் அவனுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். அவனை அண்ணன் என்றோ அம்மா என்றோ கூப்பிட வேண்டும். இல்லை, முடியாது, ஏலாது என்கிற மூன்று சொல்லும் நம் வாயில் வரவே கூடாது. எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவன் மடியில் வைத்துவிட வேண்டும். வேண்டாம் என்கிற முடிவை அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. பிற்பாடு அவன் யாரையும் குறை சொல்ல முடியாது.

போன வருஷம் ரப்பர் பால் வெட்டும் பெண்கள் இருபது பேர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக் கொட்டகை வெட்டுக் காட்டுக்கு வெகு தூரம், நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியவில்லை, கொட்டகையைக் கிட்டக் கொண்டு வர வேண்டும் என்றார்கள். முனியம்மா என்கிற பெண் முன்னுக்கு நின்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் எல்லோரையும் உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தேன். அவர்கள் பட்ட பாட்டை நான் எடுத்துச் சொன்னபோது இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். கொட்டகையை நாளைக்கே மாற்றலாம், எந்தப் பக்கம் என்று மட்டும் நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்றேன். மேட்டு லய வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் சொன்னார்கள், பள்ளத்து லயத்துப் பெண்கள் மறுபக்கம் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் அவர்களுக்குள்ளேயே மயிர்ப்பிடிச் சண்டை வரப் பார்த்தது. நான்தான் விலக்கிவிட்டேன். போகும்போது முனியம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கொட்டகை இன்றைக்கும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

துரை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் அன்றைக்கே எனக்கு நிச்சயமாகிவிட்டது.

3

இந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் என் மனைவி. நான் குரலைத் தணித்துப் பேசத் தொடங்கினால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு வேலை கிடக்கு, நீங்க கதையுங்க என்பாள். சுவரோடு எவ்வளவு நேரம்தான் சாந்தமாகப் பேசிக்கொண்டிருப்பது. அப்படி எழுந்து போக இப்போது அவளால் முடியவில்லை.

வயிற்றில் கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வெட்டி எடுக்கிற இடத்தில் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் வருகிறது, போகிறது. நான் விடிய முன்னம் எழுந்து பெரட்டுக்குப் போகிறேன், வரிசையில் நிற்கிற வேலையாட்களின் பேர்களைக் கூப்பிடுகிறேன், ஆபீஸில் இருக்கிறேன், மத்தியானம் வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். ஊட்டும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான். என்னை ஊருக்குக் கொண்டு போங்க, அந்த வீட்டில கொண்டு போய்க் கிடத்துங்க என்கிறாள்.

அந்த வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்கு வரும். ஆண் பிள்ளை கட்டிக்கொண்டு போய் அங்கே இருக்கிறவன், அவ்வளவுதான். அவள் என் மாமன் மகள். மாமா போடியார், வயல்காணி நிறைய உள்ளவர். கல்யாணம் முடித்து நான் அந்த வீட்டுக்குள் போனேன். மூன்றே வருஷத்தில், ஒரு வயதுப் பிள்ளையோடு அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தவனும் நான்தான்.

அந்தப் பிள்ளை தவமணி. இப்போது பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். தாய்க்குப் பிறகு அந்த வீடு அவளுக்குத்தான். ஒருநாள் அதைச் சொன்னேன். அங்கே கரண்ட் இருக்கா அப்பா என்று கேட்டாள். அவள் தமிழ் தோட்டத்து லயப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தாய், "சுணங்காம வா மனே" என்றால், வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். தாமதிக்காமல் வா மகளே என்கிறாள் என்று நான் மொழிபெயர்க்க வேண்டும். தாய் பேசுவதை மகளுக்கு நான் மொழிபெயர்க்கிற நிலைமை வந்ததற்கு யார் பொறுப்பு என்று பொன்னம்மா கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் என்னிடம் சாந்தமான பதில் இருந்தது.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய பிறகு கப்பலில் இடம் எடுப்பது பெரும்பாடு. கப்பல் ஆபீஸுக்கு மூன்று தரம் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு சீனப் பையன் இருக்கிறான். என்னை உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னான். உங்கள் மனைவி விஷயத்தில் கம்பனிக்கு ஒரு தடையும் கிடையாது, டாக்டர் எழுதிய கடிதம் மட்டும் போதும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழில்காரன் ஒருவனை அவ்வளவு கிட்டத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டரும் முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் மகள் எங்கள் நர்ஸ், பொறுப்பேற்று அவளும் கையெழுத்து வைத்தால் நானும் வைக்கிறேன் என்றார். வியாழக்கிழமை கப்பல். இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் தவமணி கையெழுத்து வைக்க வேண்டும்.

4

இனிக் கதிராமன்.

மாமாவின் வயல் வெல்லாவெளிப் பக்கம். வீடு ஆற்றுக்கு இந்தக் கரையில், வயல் அந்தக் கரையில். அறுவடைக் காலத்தில் வயலிலேயே வாடி என்கிற குடிசை போட்டுத் தங்குவோம். கதிராமன் அந்த வயலின் முல்லைக்காரன். அதாவது வேலையாட்களுக்குத் தலைவன், விதைப்பு முதல் சூடடிப்பு வரை வயலைக் கையில் வைத்திருப்பவன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அந்த வருஷம் மாமா முதல் தடவையாகக் களத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார். மாலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

சூடடிக்கிற களத்துக்கு எங்கள் வட்டையில், அதாவது வயல் பகுதியில், ஒரு கட்டுப்பாடு உண்டு. எருமைகளைக் கட்டி மிதிக்கத் தொடங்கினால், நெல்லைத் தூற்றிக் குவித்து முடியும்வரை அங்கே கெட்ட சொல் பேசக் கூடாது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்போம். இல்லை என்று சொல்லக் கூடாது, போறன் என்று சொல்லக் கூடாது, நோய் நொடி சாவு எதையும் வாயில் எடுக்கக் கூடாது. சத்தம் போடவே கூடாது. போட்டால் பூதம் பொலியை வாரிக்கொண்டு போய்விடும். களத்தின் நடுவில் பூசை வைத்தவன் வேலை முடியும்வரை களத்தை விட்டு இறங்கக் கூடாது. பூசை வைத்தவன் கதிராமன். பெண்கள் களத்துக்குள் வருவதில்லை.

நான் பட்டணத்தில் படித்தவன், பூதத்தை நம்பியதில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் இல்லை என்று சொல்ல முடியாத ஒரு இடத்தில் வேலை வாங்குவது எவ்வளவு வசதி என்று இரண்டே நாளில் கண்டுகொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கதிராமனின் மனைவி வள்ளியம்மை வரம்பில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. நாலு வயதுப் பெண், கண்ணகை என்று பெயர். மூன்று நாளாகக் காய்ச்சலாம், விடிய வலிப்பு வந்ததாம். வண்டில் வேண்டும், துறைக்குக் கொண்டுபோய்த் தோணியில் ஏற்றி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவள் தூரத்திலிருந்தே சத்தமாகக் கேட்டாள். களத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஓடிப்போனேன். "வள்ளியம்மக்கா, சத்தம் போடப்படாது. களத்தில வேலை நடக்குது," என்றேன். அவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அந்த வட்டையில் பிறந்தவள்தானே.

வாடி நிழலில் அவளை உட்கார வைத்தேன். கஞ்சி கொடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு வண்டில்தான் இருந்தது. துறைக்குப் போய்த் திரும்பி வர அரை நாள் பிடிக்கும். மேற்கே வானம் கறுத்திருந்தது. மழை வந்தால் குவித்த பொலி நனைந்து முளைத்துவிடும். மாமா மாலையில் வருவார். இது எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகச் சுட்டது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டேன். பிறகு, "வண்டில் தாறன் அக்கா. முதல்ல நீ கஞ்சியைக் குடி. பிள்ளையும் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும். நான் அண்ணனோட ஒரு சொல்லுக் கேட்டுக்கொண்டு வாறன்," என்றேன்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. என் பேச்சில் என்றைக்கும் பொய் இருந்ததில்லை.

களத்துக்குப் போனேன். கதிராமன் எருமைகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு என்று தொடங்கினான். மிச்சத்தைச் சொல்ல அவனுக்கு அங்கே சொல் கிடையாது. காய்ச்சல் என்று சொல்ல முடியாது. போறன் என்று சொல்ல முடியாது. நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"அண்ணன், அக்கா நிழலில இருந்து கஞ்சி குடிக்கிறா. பிள்ளை நித்திரை. நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடியே செய்வம். இப்பவே வண்டில் கட்டச் சொன்னாலும் கட்டுறன். வானத்தையும் ஒருக்காப் பாருங்க. வட்டை முழுக்க உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு இரிக்கு. முடிவு உங்கடதான்."

அவன் வானத்தைப் பார்த்தான். பொலியைப் பார்த்தான். வாடிப் பக்கம் பார்த்தான், அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருப்பதுதான் இந்த வித்தையில் கஷ்டமான பகுதி.

"ஓம், சரிதான். மறுகா பாப்பம்," என்றான்.

நான் வாடிக்குப் போய், அண்ணன் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார் என்றேன். வள்ளியம்மை களத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மழை வரவில்லை. மத்தியானத்துக்குள் வானம் துடைத்துவிட்டது மாதிரி வெளித்துவிட்டது. வெளித்த பிறகாவது வண்டிலைக் கொடுத்திருக்கலாம். நானோ, மாமா வருகிற நேரத்துக்கு மூட்டைகள் துறைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பின்னேரம் மூட்டைகளை ஏற்றிக் கட்டி முடித்த பிறகு, அவளையும் பிள்ளையையும் அந்த மூட்டைகளுக்கு மேல் ஏற்றிவிட்டேன். நானே கை கொடுத்து ஏற்றினேன். மாமா வந்து பார்த்துவிட்டு, களம் சுத்தமாக நடந்திருக்கிறது என்று மெச்சினார். வண்டில் பாரத்தோடு மெதுவாகத்தான் போகும். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உடம்பு குளிர்ந்து கிடந்ததாம்.

5

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் நான் பிழை செய்தவன் என்று ஆகிவிடும் அல்லவா. வள்ளியம்மை பிள்ளையின் தலைமாட்டில் இருந்தாள். சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. யாரோ ஒரு கிழவி, வாய் விட்டு அழு புள்ள, இல்லாட்டி நெஞ்சு அடைச்சிரும் என்று அவள் முதுகைத் தட்டினாள். வள்ளியம்மை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் போடப்படாது எண்டு தம்பி சொன்னவர்," என்றாள்.

அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, புத்தி பேதலித்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னோடு அவள் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

கதிராமன் எட்டாம் நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். அவன் படலையைத் திறக்கும்போதே என்னிடம் பதில்கள் தயாராகிவிட்டன. கத்தினால் ஒரு பதில், அழுதால் ஒரு பதில், அடிக்க வந்தால் ஒரு பதில். அவன் இது ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில் குந்தினான்.

"தம்பி, அண்டைக்குக் களத்தில நீங்க சொன்னது எனக்கு மறந்து போச்சு. நீ எதுக்கு ஓம் எண்டாய் எண்டு அவள் கேக்காள். நீங்க சொன்ன நேரம் சரியாத்தான் இருந்த. வீட்ட போனா எனக்குச் சொல்லத் தெரியல்ல. இன்னொருக்கா சொல்லுங்க."

நான் சொன்னேன். வானம், பொலி, வட்டை, உங்கள் முடிவு, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் அதே குரலில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டான். நடுவில் ஒருதரம் உதடு அசைந்தது, மனப்பாடம் பண்ணுகிறான் என்று தெரிந்தது. முடிந்ததும் ஓம், சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். எனக்கு அப்போது வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. இரண்டாம் தரமும் பலித்துவிட்டதே என்கிற நிம்மதி.

நாலு நாளில் திரும்பவும் வந்தான். அதே கேள்வி. அடுத்த கிழமையும் வந்தான். சந்தையில் வைத்துக் கேட்டான், கோயில் வீதியில் நாலு பேர் பார்க்கக் கேட்டான். அவன் கண்ணில் பகை இருந்தால் நான் எதிர்கொண்டிருப்பேன். அவனுக்கு உண்மையாகவே மறந்துபோகிறது. என் வாயால் கேட்கும்போது மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டு வாசலை மிதித்ததும் சரியில்லாமல் போகிறது. ஊரில் சிலர் சிரித்தார்கள். மாமா அவனை முல்லைக்காரன் வேலையிலிருந்து நிறுத்தினார். அந்தச் செய்தியை அவனுக்குச் சாந்தமாகச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். அதற்கும் ஓம், சரிதான் என்றான்.

ஒரு நாள் பொன்னம்மா, "அண்டைக்கு ஒருக்கா ஏலாது எண்டு சொல்லியிருந்தீங்க எண்டா, அவள் கத்திக் குளறி ஊரைக் கூட்டி வண்டிலப் பறிச்செடுத்திருப்பாள்," என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் மறுத்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும். மறுக்காமல் பேசித்தான் கொன்றேன்.

மலாயாவில் இருந்த ஒரு உறவினருக்கு வேலை கேட்டு அதற்கு அடுத்த நாளே எழுதினேன். பிழைக்கப் போனவன் என்று ஊர் நினைக்கிறது, நண்பரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நான் பொன்னம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு துறைக்குப் போன அன்று கதிராமன் அங்கே நின்றான். தோணிக்காரன் காத்திருக்க, அவன் கேட்டதை முழுக்க ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். தோணி நகர்ந்த பிறகும் அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. இப்போது மட்டக்களப்புக்கு ரயிலே வந்துவிட்டதாம். போனால் அந்தத் துறையை மிதிக்க வேண்டியதில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று யாரிடமும் நான் கேட்டதில்லை.

6

இதுவரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். நேற்றுத் திங்கட்கிழமை.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது பொன்னம்மா என் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"பின்னேரம் அவள் வருவாள். அவளோட நைசாக் கதைக்காதீங்க. சத்தம் போடுங்க. எனக்காண்டி ஒருக்காச் சத்தம் போடுங்க," என்றாள்.

போடுகிறேன் என்றேன். பெட்டியில் இருந்து ஊர்ச் சீலை ஒன்றை எடுத்துத் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

தவமணி ஐந்து மணிக்கு வந்தாள். தாயைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, உட்காருங்கப்பா என்றாள். தேநீர் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். டாக்டரின் கடிதத்தை மேசையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பேசவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீடு, தாயின் ஆசை, சீலை, எல்லாம் சொன்னேன். அவள் ஒருதரமும் குறுக்கிடவில்லை. முடித்ததும் அம்மாவுக்கு அந்த வீடு எப்படிப்பட்டது என்று அவள் திருப்பிச் சொன்னபோது, எனக்கே தோன்றாத சொற்களாக இருந்தன. என் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யலாம்ப்பா. இப்பவே கையெழுத்து வைக்கிறேன். கப்பல்ல அஞ்சு நாள். மூணாம் நாள் நடுக்கடல்ல அம்மா வலியில துடிச்சா நீங்க என்ன செய்வீங்க, அதை மட்டும் சொல்லுங்க. மூணு மாசத்துல இன்னொரு கப்பல் வருது. முடிவு உங்க கையில."

அவள் இதை எங்கே படித்தாள் என்று நான் கேட்கவில்லை. இருபது வருஷம் என் வீட்டில் வளர்ந்தவள்.

இப்போதுதான் சத்தம் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். பெரட்டில் இருநூறு பேருக்கு முன்னால் பேர் கூப்பிடுகிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தவமணி காத்திருந்தாள். நன்றாகக் காத்திருந்தாள்.

"அடுத்த கப்பல்ல பாப்பம்," என்று என் குரலில் யாரோ சொன்னார்கள்.

அவள் பேனாவை மூடினாள். கடிதத்தை மடித்தாள். உள் அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் எழுந்து உள்ளே போய் இதைச் சொல்ல வேண்டும். ஏன் ஓம் என்றீர்கள் என்று பொன்னம்மா கேட்பாள். கதவு வரைக்கும் போனேன். வாசற்படியை மிதித்ததும் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. திரும்பி வந்தேன்.

"நீ என்ன சொன்னாய் மகள்? இன்னொருக்கா சொல்லு."

தவமணி சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை, குரலும் உயரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஓம், சரிதான்," என்றேன்.

உள்ளே பொன்னம்மா விழித்துத்தான் இருந்தாள்.